விஷமம்

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதும் வேலை எனக்கு.
பெயர், வயது, வார்டு, என்ன செய்கிறது.
முதல் மூன்றையும் மலையாளத்தில் எழுதிவிடுவேன்.
நாலாவதில் பேனா நிற்கும்.

வேலந்தாவளம், வடகரப்பதி,
செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்,
எங்கிருந்து வந்தாலும் சொல்வது இதுதான்:
'என்னமோ போல இருக்குதுங்.'
எது போல என்று கேட்டால் கோபம் வரும்.
'அது தெரிஞ்சா இங்க எதுக்குங் வாறேன்?'

புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஷெமீனா
கண்ணூர்க்காரர்.
சென்னியப்பனின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.
ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை சரி.
மெதுவாகக் கேட்டார்:
'விஷமம் உண்டோ?'

அறுபதடித் தென்னையில் ஏறி இறங்குகிற மனிதர்
ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.
'விஷமமா? நானா?
ஆருங் சொன்னது?
ஒரு தேங்காய் தொட்டதில்லீங்.
மரத்து மேல இருந்தா ஊர் பூராத் தெரியும்,
ஒரு வீட்டு வாசலைப் பார்த்ததில்லீங்.
பங்காளிக வேணும்னே சொல்லியிருப்பானுக.'

வெளியே வரிசையில் சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
எந்தச் சொல் தடுக்கியது என்று தெரியாமல்
டாக்டர் என்னைப் பார்த்தார்.

மேடம், எங்களுக்கு விஷமம் என்றால்
தம்ளரைப் போட்டு உடைத்துவிட்டு
பூனையைக் கைகாட்டுகிற பிள்ளை.
கூட்டமில்லாத பஸ்ஸில் இடிக்கிறவன்.
உங்களுக்கு அது வேறு,
ராத்திரி பெய்த மழை
வாழை மட்டைக்குள் அப்படியே நிற்கிறதே, அது.
நடுவில் பஸ் டிக்கெட் பத்து ரூபாய்.

சென்னியப்பன் பக்கம் திரும்பினேன்.
'மனசுல வருத்தமான்னு கேக்கறாங்க.'
'வருத்தமெல்லாம் இல்லீங்.'
'கவலை?'
'வட்டி கட்டிட்டுத்தானுங் இருக்கறேன்.'
'பயம்?'
'மரமேறிக்குப் பயம் ஆகுமா.'
'சடவா?'

அவர் உட்கார்ந்தார்.

காலைக் கழுவி விட்டும் களைப்புப் போகாவிட்டால் சடவு.
கறவை மாடு தவிட்டுத் தண்ணியை முகர்ந்துவிட்டுத்
தலையைத் திருப்பிக்கொண்டால் அதுவும் சடவு.
மாட்டுக்குச் சொல்ல வெட்கப்படாத சொல் என்பதால்
மனிதரும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

'மரத்துல ஏறினா
எறங்கத் தோண மாட்டேங்குதுங்.
குருத்துக்குள்ள கையை வெச்சுட்டு
அப்படியே இருக்கறேன்.
கீழ தோட்டக்காரர் எம்பேரைச் சொல்லிக் கத்தறாரு.
ஆரையோ கூப்பிடறாருன்னு
கேட்டுட்டே இருக்கறேனுங்.'

ஷெமீனா எழுதுவதை நிறுத்தினார்.
இதற்கு நான் மொழிபெயர்ப்பு சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.
வியாழக்கிழமை சித்தூருக்கு எழுதிக்கொடுத்தார்,
அதுவரை மரமேறக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.
சீட்டின் நாலாவது இடத்தில்
இரண்டு விரல் அகலம்தான்.
'சடவு' என்று தமிழில் எழுதினேன்.
அதன் கீழே அவர் தம் எழுத்தில் எழுதி,
சரியா என்று உதட்டை அசைத்துப் பார்த்தார்.

கல்யாணமான முதல் மாதம்
பிந்துஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
'எனிக்கு விஷமம்' என்றாள்.
நெம்மாறையில் அவள் வீட்டுக் கிணறு
அன்று மூடப்பட்டது என்று பிறகு தெரிந்தது.
நான் அவள் இடுப்பைக் கிள்ளி
'என்னடி விஷமம் பண்ணினே?' என்றேன்.
அவளும் சிரித்தாள்.
அதை இப்போதும் சொந்தக்காரர்களிடம்
வேடிக்கையாகச் சொல்லிவருகிறேன்.

அப்புறம் எனக்கு மலையாளம் நன்றாக வந்துவிட்டது.
பதினோரு வருடத்தில் அவள்
அந்தச் சொல்லை என்னிடம் மறுபடி எடுக்கவில்லை.
கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பாள்.
அது மட்டும் எல்லைக்கு
இரண்டு பக்கமும் ஒரே சொல்.

பன்னிரண்டரைக்கு, மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று
போன் செய்தேன்.
'விஷமம் உண்டோ?'
குக்கர் ஒரு விசில் அடித்தது.
இன்னொன்று.
'ஆராணு?' என்றாள்.